நூற்று அறுபத்து நான்கு மணித்தியாலங்கள்

“எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்.”

முதுமையாலோ பாரிசவாதத்தாலோ நடமாட்டம் குன்றிய தாய் தந்தையரைப் பராமரிக்கப் பெண்ணொருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியுள்ள யாழ்ப்பாணத்து இல்லங்களில், அவரைப் பற்றிப் பேச்செழும்பொழுதெல்லாம் இவ்வாக்கியம் தவறாது வந்து விழும். கேட்பதற்கு இதமான வாக்கியம், அன்பு தோய்ந்ததும்கூட. ஆனால் பிள்ளையோடு எவரும் சம்பளம் பேசுவதில்லை. பிள்ளைக்கு வேலை நேரம் என்று ஒன்றில்லை. பிள்ளை தொழிற்சங்கம் அமைப்பதுமில்லை. ஆகவே ஒரு தொழிலாளியைப் பிள்ளையாக்கிவிட்டால் அவருடைய கோரிக்கைகள் யாவும் ஒரே மூச்சில் ஒழிந்துவிடுகின்றன. இத்துணை மலிவான சூத்திரத்தைத் தேயிலைக் கம்பெனிகளின் பணிப்பாளர்கள்கூடக் கண்டுபிடித்தாரில்லை. கண்டுபிடித்தவர்கள் நாம்.

‘நாம்’ என்று தெரிந்தே எழுதுகிறோம். இப்பக்கங்களை வாசிப்போர் பெரும்பாலும் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஓய்வூதியம் பெறுவோர், பல்கலைக்கழக மாணவர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்துக்காக மேடையேறிப் பேசியவர்கள். மீனவர் கூட்டுறவுக்காகத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தவர்கள். எமது குசினிக்குப் பின்னாலுள்ள சிறு அறையில் பாய் விரித்துப் படுக்கும் பெண்ணைப் பற்றி மாத்திரம் எம்மிடம் ஒரு தீர்மானமும் இல்லை. எதிரி தொலைவில் இருக்கும்பொழுது வீரம் எளிது. எதிரி எமது கதிரையிலேயே அமர்ந்திருக்கும்பொழுது பேச்சு ‘பிள்ளை மாதிரி’ என்று குழைந்துவிடுகிறது.

வலிகாமத்தில் ஒரு வீடு. ஊரையும் பெயரையும் தவிர்க்கிறோம். அங்கு கட்டிலில் இருப்பவர் எழுபத்தொன்பது வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும் பறித்துக்கொண்டது. கூடவே பேச்சையும் கொண்டுபோயிற்று. முப்பத்தைந்து ஆண்டு இலக்கணம் கற்பித்த வாயில் இன்று ‘சரி’, ‘வா’ என்னும் இரண்டு சொற்களே எஞ்சியுள்ளன. மகள் கனடாவில், மகன் இலண்டனில். உள்ளூரில் இருப்பவர் மருமகன் முறையான ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். பராமரிப்பவர் கிளிநொச்சிப் பக்கத்துப் பெண், வயது நாற்பத்திரண்டு. 2009இல் கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவரும் அம்மம்மாவுடன் ஊரில். நோயாளியை அவர் ‘ரீச்சர்’ என்றழைக்கிறார்.

(இடையே ஒரு சொல். எமது எழுத்துவழக்கில் ஆசிரியை ‘அவர்’ ஆவார். வேலைக்கு வந்த பெண் ‘அவள்’ ஆவாள். முற்போக்குச் சிறுகதைகளிலும் இதே விதிதான். இலக்கணம் வகுப்பு வேறுபாட்டை இவ்வளவு நுட்பமாகப் பேணும்பொழுது வேறு காவலாளி எதற்கு? இக்கட்டுரையில் இருவரும் ‘அவர்’தாம்.)

அயலவர் என்ற முறையில் ஒரு வாரம் முழுவதும் அவ்வீட்டுக்குச் சென்றுவந்தோம். நாம் இல்லாத இரவுகளில் நடந்தவற்றை அவரே சொல்லக் குறித்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. சக்கர நாற்காலியைக் கட்டிலின் இடப்புறத்தில், அதாவது நோயாளியின் பலமுள்ள பக்கத்தில், சற்றுச் சரிவாக நிறுத்துகிறார். தடையை அழுத்துகிறார், ஒருமுறை ஆட்டிப் பார்த்து மறுபடியும் அழுத்துகிறார். ரீச்சரை மெல்ல ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, விளிம்பில் இருத்துகிறார். உடனே தூக்கவில்லை. படுத்திருந்தவர் திடீரென எழுந்தால் தலை சுற்றும் என்பதால் இரண்டு நிமிடம் காத்திருக்கிறார். பாதங்கள் இரண்டும் நிலத்தில் சமமாகப் பதிந்துள்ளனவா என்று குனிந்து பார்க்கிறார். தமது முழங்காலால் ரீச்சரின் வலமுழங்காலை முட்டுக்கொடுக்கிறார், அது மடிந்துவிடாதபடி. இடுப்பைச் சுற்றிக் கட்டியுள்ள பழைய சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார். “ரீச்சர், நான் மூண்டு சொல்ல எழும்புவம், என்ன?” என்கிறார். “சரி” என்கிறது கட்டில். எழுகிறார்கள், திரும்புகிறார்கள், அமர்கிறார்கள். எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம்.

இது பலம் மாத்திரமன்று, கல்வி. எங்கே பிடிப்பது, எங்கே பிடிக்கலாகாது, எப்பொழுது காத்திருப்பது, எந்தக் கை முதலில் சட்டைக்குள் புகவேண்டும் (செயலற்ற கைதான், கழற்றும்பொழுது அது கடைசியாக வரவேண்டும்) என்பவற்றையெல்லாம் அறிந்த ஒருவருடைய வேலை. தேநீரைப் போன்ற நீர்த்த பானம் தொண்டையில் வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும் என்பதால் அதைக் கஞ்சிப் பதத்துக்குத் தடிப்பாக்கி, ரீச்சரை நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறு கரண்டியால் கொடுக்கிறார். ஒவ்வொரு வாயும் விழுங்கப்பட்டதா என்று தொண்டையைப் பார்க்கிறார். உணவு முடிந்த பின்னும் அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை. ஓர் இடியப்பமும் சொதியும் உண்ண முக்கால் மணித்தியாலம் செல்கிறது. இவற்றை வைத்தியசாலையின் விடுதியில் தாதியொருவர் காட்டிக்கொடுக்க, ஒருமுறை பார்த்தே பிடித்துக்கொண்டாராம். எமது ஆசிரிய கலாசாலைகளில் இத்தகைய மாணவி ஒருவர் வாய்த்தால் நாம் பரிசளிப்பு விழாவில் பாராட்டிப் பேசியிருப்போம்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும், நாற்காலிக்கும் கொமட்டுக்கும், மறுபடியும் கட்டிலுக்குமாக ஒருநாளில் எட்டுத் தடவை இவ்வாறு மாற்றவேண்டியிருக்கிறது; வாரத்தில் 56 தடவை. ரீச்சரின் எடை 62 கிலோ. நோயாளரைக் கையால் தூக்குவோருக்குப் பாதுகாப்பான எல்லை 35 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ என்று 2007இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு கணித்தது. நோயாளியின் இடக்கால் ஓரளவு பாரத்தைத் தாங்குகிறது என்பது உண்மை. தாங்காத நாட்களும் உண்டு. இப்பெண்ணின் முதுகு வலி பற்றி நாம் கேட்டபொழுது, “அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்றார்.

செவ்வாய்க்கிழமை விருந்தினர் வந்தனர். கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நாற்காலியில் சரிந்திருந்த ரீச்சரை நிமிர்த்தும் அக்கறையில் வலக்கையைப் பற்றி இழுத்தார். “கையில் பிடிக்காதையுங்கோ ஐயா, தோள் மூட்டு விலகிவிடும்” என்று பராமரிப்பவர் குறுக்கிட்டார். பாரிசவாதம் வந்த கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும் என்பது மருத்துவ உண்மை. உறவினர் முகம் சிவந்தார். “வேலைக்கு வந்தது எங்களுக்குப் படிப்பிக்குது” என்று பிறகு முற்றத்தில் கூறியது எமது காதிலும் விழுந்தது. ‘வந்தது’, ‘படிப்பிக்குது’: அஃறிணை. பிள்ளை மாதிரி!

தேநீர் பரிமாறப்பட்டது. விருந்தினருக்குப் பீங்கான் கோப்பை. அப்பெண்ணுக்குப் பின்விறாந்தையில் ஆணியில் தொங்கும் தனிப்பேணி. 1966 அக்டோபர் 21இல் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நடந்த ஊர்வலத்தைப் பற்றி இவ்வேடு போன்றவை எத்தனையோ பக்கங்கள் எழுதிவிட்டன. தேநீர்க் கடைகளின் கதவுகள் திறந்தன; கோயிற் கதவுகளும் திறந்தன. கடையில் தோற்ற பேணி வீட்டுப் பின்விறாந்தையில் ஆணியடித்துக்கொண்டு வாழ்கிறது. நோயாளியின் மலத்தைக் கழுவும் கை சாமியறை விளக்கைத் தொடலாகாதாம். அந்தக் கை இல்லாவிடின் சாமியறைக்கு முன் ரீச்சரை வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுபோய் இருத்துவது யார் என்று அவ்வீட்டில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புதன் வழமைபோற் கழிந்தது.

வியாழக்கிழமை இரவு இரண்டு மணி. அசைய இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடின், எலும்பு முட்டும் இடங்களில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை இறக்கத் தொடங்கும்; அதுவே படுக்கைப்புண். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என இரவுக்கு நான்கு தடவை, வாரத்துக்கு 28 தடவை அவர் எழுகிறார். அன்றிரவு கைவிளக்கின் ஒளியில் முதுகின் அடிப்புறத்தில் ஒரு சிவப்புத் தழும்பைக் கண்டார். விரலால் அழுத்தினார். நல்ல தோலாயின் அழுத்தும்பொழுது வெளிறி, விட்டதும் மறுபடி சிவக்கும். இது வெளிறவில்லை. புண்ணின் முதற்படி அது என்பது அவருக்குத் தெரியும். அதன்பின் இரண்டு நாட்களும் ரீச்சரை மல்லாந்து படுக்கவிடாமல் இடம் வலமாக மாற்றிக்கொண்டேயிருந்தார். தலையணையொன்றை முழங்கால்களுக்கிடையிலும் மற்றொன்றை முதுகின் பின்னும் வைத்தார். குதிக்கால் மெத்தையில் படாதபடி கணுக்காலின் கீழ் துணிச்சுருள் வைத்தார். சனிக்கிழமை மாலை தழும்பு மங்கிற்று.

சனிக்கிழமை காலை வைத்தியர் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தார். தோலைப் பரிசோதித்துவிட்டு, “மிக நன்றாகப் பார்க்கிறீர்கள்” என்றார். யாரிடம்? வாசலில் நின்ற மருமகனிடம். மருமகனும் அடக்கமாகத் தலையசைத்தார்.

சனிக்கிழமை இரவு கனடாவிலிருந்து அழைப்பு. இங்கேதான் நாம் சொல்லவந்த விஷயத்தின் மையம் இருக்கிறது.

மகள் ரொறன்ரோ நகரின் கிழக்கே, ஸ்காபரோவில், முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு நிலையமொன்றில் வேலை செய்கிறார். அதே வேலை! மற்றவருடைய தாயாரைத் தூக்குகிறார், குளிப்பாட்டுகிறார், புரட்டுகிறார், ஊட்டுகிறார். இது விதிவிலக்கான சங்கதியன்று. புலம்பெயர்ந்த எமது பெண்களில் கணிசமானோர் இத்தொழிலில் உள்ளனர் என்பது வாசகர் அறிந்ததே. அவருடைய நிலையத்தில் வேலை எட்டு மணித்தியாலம். தூக்குவதற்கு இயந்திரம் உண்டு. அதை இயக்குவதற்கு இருவர் நிற்கவேண்டும் என்பது நிலையத்தின் விதி. தனியே தூக்கினால் கண்டிக்கப்படுவார். தொழிற்சங்கம் உண்டு. கொரோனாத் தொற்றின்பொழுது, 2020 அக்டோபரில், ஒன்ராறியோ மாகாண அரசு இத்தகைய பணியாளர்க்கு மணிக்கு 3 டொலர் மேலதிகமாகக் கொடுக்கத் தொடங்கி, 2022இல் அதை நிரந்தரமாக்கிற்று. அரசின் கருணையால் அன்று. ஆளில்லாமையாலும், முதியோர் நிலையங்களில் நிகழ்ந்த மரணங்கள் எழுப்பிய கோபத்தாலும், சங்கங்களின் ஓயாத நெருக்குதலாலும்.

அங்கே ஒரு முதியவளைத் தூக்க இயந்திரமும் இருவரும். இங்கே அம்மகளின் சொந்தத் தாயைத் தூக்கப் பழைய சேலைத்தலைப்பும் ஒருவரும். அங்கே அது தொழில். இங்கே அது அன்பு. கடல் கடக்கும்பொழுது தொழில் அன்பாக மாறும் இந்த இரசவாதத்தை எந்தச் சித்தர் கண்டுபிடித்தார்?

மகளை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இரண்டு இடங்களில் வேலை செய்து, வீட்டுக்கடன் கட்டி, மிஞ்சியதில் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். தாயைப் பார்க்க முடியாமையால் தொலைபேசியில் அழுகிறார். போர் துரத்திய தலைமுறை அது. ஆனால் அந்த அழுகை உண்மையாயிருப்பதனால் கணக்குப் பொய்யாகிவிடாது.

கணக்குப் பார்ப்போம். அப்பெண்ணுக்கு மாதம் 40,000 ரூபாய். சாப்பாடும் படுக்கையும் உண்டு. வாரத்தில் 168 மணித்தியாலம். ஞாயிறு பிற்பகல் நான்கு மணித்தியாலம் ஓய்வு. எஞ்சியது 164. மணித்தியாலத்துக்கு 57 ரூபாய்க்கும் குறைவு. ஒரு பால் தேநீரின் விலைகூட இல்லை. கனடாவில் கூட்டிக் கொடுத்த அந்த 3 டொலர் மாத்திரம், 2025ஆம் ஆண்டின் நாணய மாற்றின்படி, இதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

“குறைந்தபட்ச வேதனத்தை விடக் கூடக் கொடுக்கிறோமே” என்பார்கள். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அது ஒரு நாளில் ஒரு முறைமாற்று வேலை செய்பவனுக்கு. இவரோ காலை முறை, மாலை முறை, இரவு முறை என மூவர் செய்யவேண்டிய வேலையை ஒருவராகச் செய்கிறார். மூவருக்கு 30,000 வீதம் எவ்வளவு என்று கணித ஆசிரியர்கள் சொல்லட்டும். 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. இவர் அதன் மூன்றரை மடங்குக்கு மேல்.

“இரவில் அவர் உறங்குகிறாரே, அதுவும் வேலையா?” என்று ஒரு வழக்கறிஞ நண்பர் கேட்டார். இக்கேள்வி அவருடைய கண்டுபிடிப்பன்று. 2021 மார்ச்சில் பிரித்தானிய உயர்நீதிமன்றமே, பராமரிப்பு வேலையில் இரவு தங்குபவர் உறங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச வேதனம் கோரமுடியாது, விழித்து வேலைசெய்யும் நேரத்துக்கே கோரலாம் என்று தீர்ப்பளித்தது. நாம் அத்தீர்ப்புக்கு ஒரே ஒரு பதில் சொல்வோம்: அந்நீதியரசர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி ஒரு மாதம் உறங்கிப் பார்க்கட்டும்.

நீதிமன்றங்கள் சொற்களின்மீது கட்டப்பட்டவை. சொல்லை மாற்றினால் உரிமை மாறும். அமெரிக்காவில் 1974இல் வேதனச் சட்டத்தை விரிவாக்கியபொழுது, முதியோர்க்கும் நோயாளர்க்கும் வீட்டில் ‘துணையிருப்போர்’ அதற்குள் அடங்கார் என்று ஒரு விலக்கை நுழைத்தனர். பேச்சுத்துணைக்கு வந்து போகும் அயல்வீட்டாரை மனத்திற்கொண்டு எழுதியதாகச் சொல்லப்பட்ட அவ்விலக்கு, நாளடைவில் முழுநேரத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை விழுங்கிற்று. ஜமெய்க்காவிலிருந்து குடியேறி, நியூயோர்க்கில் இருபது ஆண்டுகள் வரை நோயாளரைத் தூக்கிக் குளிப்பாட்டிய எவலின் கோக் என்னும் பெண் மேலதிக நேரச் சம்பளம் கேட்டு வழக்காடினார். 2007இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் ஒன்பது நீதியரசரும் ஒருமனதாய் அவருக்கெதிராகத் தீர்த்தது. 2009இல் அவர் இறந்தார். 2013இல் விதி திருத்தப்பட்டு 2015இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலையில் அதை மீண்டும் பழைய நிலைக்குத் தள்ள அரசு பிரேரணை வெளியிட்டது. ‘துணை’ என்னும் ஒரு சொல் செய்த வேலை அது. ‘பிள்ளை மாதிரி’ என்பதும் அதே சொல்லின் யாழ்ப்பாணத்துப் பெயர்ப்பு.

எமது நாட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரை அறவே மறந்துவிட்டது என்று கூறுவது நியாயமன்று. 1871லேயே நினைவுகூர்ந்தது. அவ்வாண்டின் வீட்டுவேலையாட்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அவர்கள் பொலிசாரிடம் பதியப்படவேண்டும். எங்கே வேலை செய்தார், எவ்வாறு நடந்துகொண்டார் என்பது குறிப்பேட்டில் ஏறவேண்டும். துரைமாரின் வெள்ளிக் கரண்டிக்குப் பாதுகாப்பு. 1941இல் சம்பளச் சபைகள் வந்தன, தேயிலைக்கு, அச்சகத்துக்கு, இன்னும் பலவற்றுக்குச் சபை அமைந்தது, வீட்டுவேலைக்கு அமையவில்லை. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது; தனியார் வீட்டுப் பணி வெளியே நிறுத்தப்பட்டது. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. தொழிலாளி யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே வீட்டுப் பணியாளரை நீக்கிவிட்டது. சந்தேக நபராகப் பதிவதற்கு ஆளாகத் தெரிந்தவர், நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் சம்பளம் பெறுவதற்கு ஆளாகத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்றும், பராமரிப்புக் கோரிப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்கிறது. நல்லதே. பிள்ளை தன் கடமையை வேறொருவரின் முதுகுக்கு மாற்றும்பொழுது அந்த முதுகுக்கு என்ன உரிமை என்னும் வினா அதில் எழவில்லை.

அரசுக்கு இத்தொழிலின் மதிப்புத் தெரியாதென்றும் எண்ணவேண்டாம். டொலர் வரும் திசையில் நன்றாகவே தெரிகிறது. இஸ்ரேலிய முதியோரின் வீடுகளுக்கு எமது பராமரிப்பாளரை அனுப்ப இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்கின்றன, பயிற்சி நடக்கிறது, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகலாகாது என்று தடுத்த அரசு, டொலர்ப் பஞ்சம் வந்த 2022இல் அவ்வயதை இரண்டாகக் குறைத்தது. ஆக, தூக்கிப் புரட்டி ஊட்டுவது விமானநிலையத்துக்கு அப்பால் சான்றிதழுக்குரிய தொழில், வலிகாமத்தில் புண்ணியம்.

“அப்படியாயின் ஓய்வூதியத்தில் வாழும் நாங்கள் மூன்று சம்பளம் எப்படிக் கொடுப்பது?” இது நேர்மையான கேள்வி, இதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் யாருமில்லாத, தாமே நோயாளியான முதியவரைத் தாமே முதியவரான துணைவி தூக்கும் வீடுகள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் உள்ளன. அதற்காகவே சொல்கிறோம்: ஒரு குடும்பத்தின் பணப்பைக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் முதுகெலும்புக்கும் இடையில் தீர்க்கப்படவேண்டிய விவகாரமல்ல இது. இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் போராடிப் பெற்ற நாடு, பிரதேச வைத்தியசாலையிலிருந்து ஊதியம் பெறும் பராமரிப்பாளர் வீட்டுக்கு வந்துபோகும் ஏற்பாட்டைக் கேட்பதற்கு ஏன் கூச்சப்படவேண்டும்? பொதுச் சுகாதார மருத்துவமாது ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கும் வருகிறாரே! பிறப்புக்குக் கிடைத்த மதிப்பு முதுமைக்கு ஏன் கிடைக்கலாகாது?

ஆனால் அரசு வரும்வரை கைகட்டி நிற்கவும் நியாயமில்லை. மாற்றுக்கு ஒருவரை வாரத்தில் இரண்டு இரவுக்காவது வைப்பது, ஒரு முழுநாள் ஓய்வு, தூக்குவதற்கு நல்லதொரு இடுப்புப் பட்டி, சம்பளத்தை எழுத்தில் வைப்பது: இவை எமது வீடுகளில் பலவற்றுக்கு இயலாதவையல்ல. அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டின் செலவில் ஒரு பட்டி வாங்கலாம், இரண்டும் வாங்கலாம். அக்கல்வெட்டுகளின் நன்றியுரையை வாசித்திருப்பீர்கள். மலர்வளையம் வைத்தோர், பந்தல் போட்டோர், ஒலிபெருக்கி தந்தோர் வரை நன்றி உண்டு. ஆயிரம் இரவு எழுந்தவரின் பெயர் இருப்பதில்லை.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் புறப்பட்டார். ஆறு மணிக்குள் திரும்பவேண்டும். கிளிநொச்சிக்குப் போய்வரப் பஸ்ஸிலேயே அந்நேரம் கழிந்துவிடும். ஆதலால் அவர் ஊருக்குப் போவதில்லை. யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் அமர்ந்து பிள்ளைகளுடன் தொலைபேசியில் கதைக்கிறார். மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. பிறகு சற்று உறங்குகிறார், அமர்ந்தபடியே.

அன்று போகுமுன் எம்மிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். அனுபவத்தை வைத்தே தொழிற்றகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்ல, வேலை செய்ததற்கான கடிதமொன்றை மருமகனிடம் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர் அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். இவர் நன்னடத்தையுள்ளவர், நம்பிக்கையானவர், எவ்விதக் களவு பொய்யுமற்றவர், எமது இல்லத்தில் ஒரு பிள்ளை போன்று பழகியவர். 1871இன் பொலிஸ் குறிப்பேடு மணிமணியான தமிழில்! அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இக்கடிதத்தைக் கொண்டு எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது?

நாம் அமர்ந்து மறுபடியும் எழுதினோம். வலப்பக்கப் பாரிசவாதமுற்ற நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றல், விழுங்கற் குறைபாடுள்ளவர்க்கு உணவூட்டல், படுக்கைப்புண் தடுத்தலும் அதன் முதற்குறியை அறிதலும், செயலற்ற மூட்டுகளுக்கு நாளாந்தப் பயிற்சி, பேச்சிழந்தவருடன் உரையாடல். காலம் இரண்டு ஆண்டு. வேலை நேரம் வாரத்துக்கு 164 மணித்தியாலம்.

சம்பளம் அனுப்புபவர் மகளாதலால் அவரே ஒப்பமிடவேண்டுமென மருமகன் கூறிவிட்டார். தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “இதெல்லாம் நான் இங்கே செய்கிற வேலைதானே” என்றார். எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். பிறகு, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாமா, நாளைக்கு ஏதேனும் பிரச்சினை வந்தால் என்று கேட்டார்.

எடுக்கவில்லை. கடிதம் ஸ்காபரோவுக்குப் போயிருக்கிறது.